கறுப்புச் சூரியனுக்கு மூன்று கதிர்கள்

இரண்டு ஊராட்சிகளை ஒன்றாக்கும் குழுவின் நான்காவது கூட்டத்தில் வெய்யோ அந்தக் கேள்வியைக் கேட்டார். வெய்யோ பக்கத்து ஊர் ஹிர்விசாரியின் தலைவர், இணைப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கேட்கும்போது ஏலக்காய் பன் மென்றுகொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம். உங்க ஊர்ச் சின்னத்துல இருக்குற சூரியன் ஏன் கறுப்பா இருக்கு?"

எங்கள் ஊர் கைஸ்லவாராவுக்கும் அவர்கள் ஊருக்கும் குழுவில் ஏழேழு உறுப்பினர்கள். எங்கள் ஏழு பேரும் சுவரில் மாட்டியிருந்த தகட்டைப் பார்த்தார்கள். மஞ்சள் களம். அதன் அடியில் கறுப்பு அரைவட்டம். அரைவட்டத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் மூன்று தடித்த கதிர்கள். ஐம்பத்து மூன்று வருஷமாக அது எங்கள் சின்னம். ஊர் எல்லையில் இருக்கிறது, பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கிறது, பனிச்சறுக்கு அணியின் தொப்பியில் இருக்கிறது.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்," என்றார் வெய்யோ. "எங்க சின்னத்துல இருக்குற மான் கொம்புக்கு அர்த்தம் கேட்டா எங்க ஊர் பூனை கூட சொல்லும். புது ஊராட்சிக்கு உங்க சின்னத்தை வெச்சுக்கலாம்னு நீங்க கேக்குறீங்க. என்னன்னே தெரியாத படத்தை நாங்க எப்படி வெச்சுக்கறது?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. புது ஊராட்சியின் பெயர் ஹிர்விசாரி என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. அலுவலகமும் அங்கேதான். மேல்வகுப்புகளும் அங்கே போகின்றன. கைஸ்லவாரா என்ற பெயர் ஜனவரியிலிருந்து வரைபடத்தில் ஒரு கிராமமாகத்தான் இருக்கும். மிச்சம் இருந்தது இந்தப் படம் ஒன்றுதான். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு வாரம் டைம் தர்றோம். ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அர்த்தம் இருந்தா ஓட்டுக்கு விடலாம். இல்லைன்னா மான் கொம்பு," என்றார் வெய்யோ.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் ஊராட்சியில் நிலம் அளக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். பெயர் என்சியோ. அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பு எழுதுபவனும் நான்தான். குறிப்பு எழுதுகிறவன் இதையும் எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனேன். அங்கே மர்கெத்தா தலைமைச் சமையல்காரி. எங்கள் ஏழு உறுப்பினர்களில் அவளும் ஒருத்தி. ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றும்போதே தெரிந்துகொண்டுவிடுவாள்.

"கறுப்புச் சூரியனா? அது கிரகணம்ப்பா," என்றாள். "நாப்பத்தஞ்சுல, சண்டை முடிஞ்ச வருஷம், ஜூலை மாசம் வந்துச்சே. கோழி எல்லாம் கூண்டுக்குள்ள போயிருச்சாம். எங்க அம்மா சொல்லும்."

"கிரகணத்துல கதிர் நிமிர்ந்து நிக்குமா?"

"எனக்கென்ன தெரியும், நான் அப்போ பொறக்கவே இல்ல. நீ கேட்ட, நான் சொன்னேன்."

அந்த வாரம் முழுவதும் இப்படித்தான். குழுவில் இருந்த கடைக்காரர், அது தார் என்றார். பைன் மரத்திலிருந்து தார் காய்ச்சிய ஊர், அதனால் கறுப்பு. குழுவில் இன்னொருவர் எங்கள் தேவாலயத்தின் பெண் பாதிரியார்; அந்தப் பாதிரியார் அம்மா, போரில் போனவர்களுக்கான துக்கம் என்றார். மூன்று கதிர்கள் நம்பிக்கை, அன்பு, விசுவாசம். பனி வாரும் வண்டி ஓட்டுகிற பெக்கா, "டிசம்பர் மாசம் பகல்லயே இருட்டு, வெளிய வந்து பாரு, சூரியன் அப்படித்தான் இருக்கும்," என்றான். எல்லோருமே உறுதியாகச் சொன்னார்கள். அடுத்தவர் சொன்னதைக் கேட்டால் எல்லோருமே சிரித்தார்கள். நான் ஏழு அர்த்தம் எழுதி வைத்திருந்தேன்.

ஆவண அறையில் ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கூட்டக் குறிப்பு கிடைத்தது. அதில் இரண்டே வரி. "ஓவியர் ஆர்மஸ் லின்னஹல்மே அனுப்பிய சின்னம் பார்க்கப்பட்டது. பொன் களத்தில் மூன்று கதிர்களோடு கறுப்புச் சூரியன். கருத்துகள் எதுவும் இல்லை. ஏற்கப்பட்டது." பதினேழு பேர் கையெழுத்து. அர்த்தம் என்ன என்று யாரும் கேட்டதாகவும் இல்லை, ஓவியர் சொன்னதாகவும் இல்லை.

இது எனக்கு உறுத்தியது. ஒரு மனிதன் ஒரு ஊருக்குச் சின்னம் வரைந்து அனுப்புகிறான். ஒரு வரி விளக்கம் கூடவா எழுதமாட்டான்?

ஓவியர் எழுபதுகளிலேயே இறந்துவிட்டார். மகள் அவுனே குவோப்பியோ நகரத்தில் இருப்பதாகத் தெரிந்தது. போன் பண்ணினேன். "வாங்க, ஆனா சனிக்கிழமை வேணாம், அன்னிக்கு நான் கம்பளம் துவைக்கணும்," என்றார். வெள்ளிக்கிழமை போனேன். மார்ச் கடைசி. உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓட்டுவதற்குப் போட்ட பாதையை முந்தின நாள்தான் மூடியிருந்தார்கள். அதனால் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு மூன்றரை மணி நேரம்.

அவுனே ஓய்வு பெற்ற பல் மருத்துவர். வார்த்தையை அளந்து பேசுகிறவர். காபி ஊற்றினார், நான் குடித்தேன், இன்னொரு கோப்பை ஊற்றினார், அதையும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு தட்டையான மரப்பெட்டியை இழுத்தார்.

"அப்பா பதினொரு ஊருக்கு வரைஞ்சாரு. எல்லாத்தோட மூலமும் இதுல இருக்கு. உங்களோடது எதுன்னு நீங்களே பாருங்க."

ஒவ்வொன்றும் சதுர அட்டை. சின்னத்தைச் சுற்றிப் போடும் கேடயக் கோடு எதிலும் இல்லை, அதனால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டியிருந்தார், அவ்வளவுதான். மீன், கோடாரி, மரத்தாலான ஒரு சாவி. ஐந்தாவதாக மஞ்சள் அட்டை. கறுப்பு அரைவட்டம், மூன்று கதிர். எங்களுடையது.

"இதுதான்," என்றேன்.

அவுனே அதை என் கையிலிருந்து வாங்கி, என் பக்கம் திருப்பி வைத்தார். தலைகீழாக.

"எப்பவும் இப்படி வெச்சுத்தான் பார்த்திருக்கேன்," என்றார். "பின்னாடி அப்பா கையெழுத்து இருக்கு. அது நிமிர்ந்து இருந்தா படம் இப்படித்தான் இருக்கும்."

பின்னால் பார்த்தேன். பென்சிலில் கையெழுத்து, தேதி, மேல் நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி. திரும்பவும் முன்பக்கம் பார்த்தேன். தட்டையான பக்கம் மேலே. வளைந்த பக்கம் கீழே. அதற்கும் கீழே மூன்று குட்டையான கால்கள். ஒவ்வொரு கால் நுனியும் கொஞ்சம் வெளியே வளைந்து, பாதம் போல.

அது பானை. நெருப்பின் மேல் நிற்கவைக்கிற மூன்று கால் இரும்புப் பானை. எங்கள் ஊரில் பாதி வீட்டுத் தோட்டத்தில் அதில்தான் பூச்செடி வைத்திருக்கிறார்கள்.

அவுனே பெட்டியின் அடியிலிருந்து மெல்லிய தாள் ஒன்றை எடுத்தார். கார்பன் வைத்து அடித்த நகல். ஓவியர் எங்கள் ஊராட்சித் தலைவருக்கு எழுதியது.

"சின்னமாக வைக்க உங்கள் ஊரில் விசேஷமாக எதுவும் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் தேவாலயத்துப் புத்தகங்களைப் பார்த்தேன். போன நூற்றாண்டின் பஞ்ச காலத்தில், ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டாம் வருஷ வசந்தத்தில், வடக்கிலிருந்து நடந்து வந்த ஜனங்களுக்காகக் கைஸ்லவாரா முச்சந்தியில் மூன்று வீட்டார் ஒரே பானை வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டிலும் தனியாகக் கஞ்சி வைக்கும் அளவுக்கு மாவு இல்லை. மூன்று வீட்டு மாவையும், பைன் மரப்பட்டைப் பொடியையும் சேர்த்து ஒரு பானை. அதன் அடியில் நெருப்பு மூன்று மாதம் அணையாமல் எரிந்தது. ஆகவே பானை, ஆகவே மூன்று கால்."

"இந்த லெட்டர் எங்க ஆபீஸ்ல இல்லையே," என்றேன்.

"அட்டையோடதான் அனுப்பியிருப்பாரு. யாராவது கவரோட குப்பையில போட்டிருப்பாங்க."

"சரி, அவங்க சூரியன்னு எழுதி அனுப்புனப்போ உங்கப்பா ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவுனே யோசித்தார். "சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னாரு. 'கைஸ்லவாராக்காரங்க சூரியனைப் பார்த்திருக்காங்க. பார்த்துட்டுப் போகட்டும்'னு. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புனதை நான் போய்த் தப்புன்னு சொல்றதான்னு நினைச்சிருப்பாரு. அப்பா அப்படித்தான். உங்க ஊர்லயும் அப்படித்தான் போல."

அட்டையையும் கடித நகலையும் கொடுத்தார். ரசீது எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

பதினேழு பேரில் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். ஈமெலி, எண்பத்தாறு வயது, எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில். மறுநாள் சனிக்கிழமை அங்கே போனபோது அப்போதுதான் சவுனா நீராவிக் குளியல் முடித்து வந்து, முகம் சிவந்து, துண்டோடு மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அட்டையை ஒன்றும் சொல்லாமல் நிமிர்த்தி வைத்தேன்.

"பானை," என்றார், மோர் டம்ளரைக் கீழே வைக்காமலே.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். தலைவர் கவரைப் பிரிச்சாரு, தலைகீழாத் தூக்கிக் காட்டுனாரு. காலுக்குப் பாதம் இருக்கேன்னு பார்த்தேன். சூரியனுக்கு எதுக்குப் பாதம்?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"தலைவர் கேட்டது, யாருக்காவது எதிர்ப்பு இருக்கான்னு. எனக்கு எதிர்ப்பு இல்லையேப்பா. பானைன்னாலும் நல்லதுதான், சூரியன்னாலும் நல்லதுதான்."

"ஈமெலி, நான் வேடிக்கைக்குக் கேக்கல."

"நானும் வேடிக்கைக்குச் சொல்லல." வாயைத் துடைத்துக்கொண்டார். "பாரு, நான்தான் அங்க வயசுல சின்னவன், முப்பத்து மூணு. மத்தவங்க எல்லாம் பெரிய பெரிய பண்ணைக்காரங்க. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது, வேணும்னேதான் அப்படிப் பிடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன். வண்டியில திரும்பி வர்றப்போ பக்கத்துல இருந்த வில்ஹோகிட்ட கேட்டேன். அவனும் பானைன்னுதான் நினைச்சானாம். அவனும் நான் ஏதாவது சொல்வேன்னு காத்துட்டு இருந்தானாம்."

"அப்போ போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"முடிவுன்னு தலைவர் சுத்தியல் தட்டியாச்சே. தட்டினதுக்கு அப்புறம் போய்ச் சொன்னா, தட்றதுக்கு முன்னாடி வாயில என்ன வெச்சிருந்தேன்னு கேப்பாங்க." மீதி மோரைக் குடித்தார். "ஒரு பத்து வருஷம் அது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் சூரியனாவே தெரிய ஆரம்பிச்சிருச்சு."

திங்கட்கிழமை காலையில் மர்கெத்தாவிடம் காட்டினேன். உருளைக்கிழங்கு வேகவைக்கிற பெரிய பாத்திரத்தின் பக்கத்தில் நின்று கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அட்டையைப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். அவள் முகம் மாறியது.

"இதை யார்கிட்டயும் சொல்லாத," என்றாள்.

"ஏன்?"

"ஏனா? ஐம்பது வருஷமா தன்னோட சின்னத்தைத் தலைகீழா மாட்டிட்டு இருந்த ஊர்னு பேரு வாங்கணுமா? ஹிர்விசாரிக்காரங்க சும்மாவே நம்மளைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. காலம் பூரா கஞ்சிப் பானைன்னு கூப்பிடுவாங்க. கிரகணம்னு எழுதிக் குடு. கிரகணம் நிஜமாவே வந்துச்சு. யாரும் பொய்னு சொல்ல முடியாது. ஓட்டுல ஜெயிப்போம், படம் நம்மகிட்ட இருக்கும்."

"ஆனா அது கிரகணம் இல்லையே, மர்கெத்தா."

"முப்பது வருஷமா பானை கழுவுறேன் நான்," என்றாள். "முப்பது வருஷம். தினமும் அந்த வாசல் வழியா வர்றேன், தினமும் அதைப் பார்க்குறேன். எனக்கே தெரியல. அதை நீ போய்ச் சபையில சொல்லப் போறியா?" கோபம் என் மேல் இல்லை என்பது அப்போது புரிந்தது. மூடியை எடுத்துப் பாத்திரத்தில் வைத்த சத்தம் மட்டும் பெரியதாக இருந்தது.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்றில் கிரகணம். நன்றாகவே வந்திருந்தது, கோழிகளைக்கூடச் சேர்த்திருந்தேன். இன்னொன்றில் நடந்தது நடந்தபடி. வியாழக்கிழமை இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அட்டையையும் எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் படம் போய்விடலாம். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எதைப் படிக்கப்போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

கூட்டம் எப்போதும் போலத் தொடங்கியது. பேருந்து நேரம், ஏற்கப்பட்டது. நூலக நாட்கள், ஏற்கப்பட்டது. வெய்யோ ஒவ்வொன்றுக்கும் "கருத்து ஏதும் உண்டா" என்று கேட்டு, இரண்டு வினாடி நிறுத்தி, சுத்தியல் தட்டினார். நான் "கருத்துகள் எதுவும் இல்லை" என்று எழுதினேன். மூன்றாவது முறை அதை எழுதும்போது கை நின்றுவிட்டது. ஐம்பத்தைந்தில் எழுதப்பட்டதும் இதே மூன்று சொற்கள்தான். அன்று அந்த அறையில் எத்தனை கருத்து இருந்திருக்கும்?

"அடுத்தது சின்னம். என்சியோ, ஒரு பக்கம் கொண்டு வந்தியா?"

எழுந்தேன். அட்டையை மேஜையில் நிமிர்த்தி வைத்தேன். சுவரில் தகடு ஒருவிதம், மேஜையில் அட்டை வேறுவிதம்.

"படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன்," என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் கூட்டத்தில் நானாகப் பேசியது இதுதான் முதல் தடவை. "இது என்னன்னு ஒவ்வொருத்தரும் வாயால சொல்லணும். எல்லாரும். சும்மா இருக்கறதைச் சம்மதம்னு நான் எழுத மாட்டேன்."

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வெய்யோ சுத்தியலைக் கையில் எடுத்தார், பார்த்தார், கீழே வைத்தார்.

"சரி, நானே ஆரம்பிக்கிறேன்," என்றார். "எனக்குப் பானை மாதிரி தெரியுது."

அவருக்குப் பக்கத்தில் ஹிர்விசாரிப் பால்பண்ணைக்காரர் சில்வோ. "பானை." அடுத்தவர், "பானைதான்." எங்கள் பக்கத்தில் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "தார் இல்லைன்னு தெரியுது," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பாதிரியார் அம்மா, "எனக்கு இன்னும் சூரியனாத்தான் தெரியுது, ஆனா தலைகீழா," என்றார். கடைசியில் மர்கெத்தா. அட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். நான் காத்திருந்தேன், மற்றவர்களும் காத்திருந்தார்கள்.

"பானை," என்றாள். "எனக்குப் பிடிக்கல. ஆனா பானை."

அப்போது கிரகணப் பக்கத்தைப் பையிலேயே விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துப் படித்தேன். தலைகீழாகத் தூக்கிய தலைவர், காணாமல் போன கடிதம், பதினேழு கையெழுத்து, வண்டியில் ஈமெலியும் வில்ஹோவும் பேசியது, முச்சந்தி, மூன்று வீடு, மரப்பட்டைப் பொடி. எதையும் விடவில்லை. சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஈமெலி வரும் இடத்தில் சிரித்தார்கள். ஆனால் அது என்னைப் பார்த்தோ எங்கள் ஊரைப் பார்த்தோ சிரித்த சிரிப்பு இல்லை. சில்வோ, "எங்க பால் சங்கத்துல போன மாசம் இதே மாதிரிதான் நடந்துச்சு," என்று தானாகவே சொன்னார்.

வெய்யோ கடித நகலை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "வடக்கிலிருந்து நடந்து வந்தாங்கன்னா எங்க ஊர் வழியாத்தான் வந்திருக்கணும். நாங்க அவங்களுக்கு என்ன குடுத்தோம்னு அந்தப் புஸ்தகத்துல ஏதாவது இருக்கா?"

"உங்க தேவாலயப் புஸ்தகத்தை நான் முன்னாடி ஒரு தடவை படிச்சிருக்கேன்," என்றார் பாதிரியார் அம்மா. "வழி சொல்லி அனுப்புனதா இருக்கு."

இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். வெய்யோ காது வரை சிவந்துபோனார், ஆனாலும் சிரித்தார்.

"அப்போ ஓட்டுக்கு விடுறேன்," என்று அவர் சொல்லும்போது மர்கெத்தா கை தூக்கினாள்.

"ஒரு நிபந்தனை இருக்கு. இந்தப் பானைக்குக் காது இல்ல. காது இல்லாத பானையை நெருப்புலேர்ந்து எப்படித் தூக்குறது? வரைஞ்சவருக்குச் சமையல் தெரியல. ரெண்டு பக்கமும் காது வெக்கணும். அப்புறம் எவன் எப்படிப் பிடிச்சாலும் அது சூரியன் ஆகாது."

"ஓவியரோட படத்துல நாம கை வெக்கலாமா?" என்றார் கடைக்காரர்.

"தலைகீழாவே மாட்டலாம்னா காது வெக்கக் கூடாதா?"

முதலில் சின்னம். பானைக்கு ஒன்பது, மான் கொம்புக்கு ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று எங்கள் கடைக்காரருடையது என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. வெய்யோ எனக்காகச் சத்தமாக எண்ணிச் சொன்னார். தலைநகரில் ஒப்புதல் வாங்கிய பிறகு ஜனவரியிலிருந்து இரண்டு ஊருக்கும் அதுதான் சின்னம்.

"காது விஷயத்துக்குக் கருத்து ஏதும் உண்டா?" என்று கேட்டு, வழக்கம்போல இரண்டு வினாடி நிறுத்தினார். சுத்தியல் பாதி தூரம் இறங்கியிருந்தது.

"எனக்கு உண்டு," என்றார் சில்வோ. "காது வட்டமா, மூணு முனையா? எங்க வீட்டுல இருக்குற பானைக்கு மூணு முனை."

"வட்டம்தான்," என்றாள் மர்கெத்தா.

"மூணு முனைதான் பழசு."

"உங்க வீட்டுப் பானை கடையில வாங்குனது."

"யாரு சொன்னா?"

பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்புகளை மூடுவதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது இருபது நிமிஷம். காதுகளைப் பற்றி ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார்கள், பதினான்கு பேரும். இடையில் மர்கெத்தா போய் இன்னொரு குடுவை காபி வைத்துக் கொண்டுவந்தாள். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.